மழைக்கால மரவட்டையும் புதுவை வீடுகளும்

மரவட்டை நம் வீட்டில் குடியேற வருவதில்லை. அது அரிசியைத் தின்னாது, துணியை அரிக்காது, கடிக்காது, கொட்டாது, எந்த நோயையும் சுமந்து வராது. காய்ந்த தரையும் கழுவித் துடைத்த மூலையும் உள்ள வீட்டுக்குள் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை, முட்டையிட இடமுமில்லை. வெளியே மண் நீரில் ஊறிவிட்டது, மூச்சு முட்டியது, மேடு தேடி ஊர்ந்தது, போகிற வழியில் உங்கள் வாசற்படி இருந்தது. அவ்வளவுதான் விஷயம். உள்ளே வந்தவற்றில் பெரும்பாலானவை ஈரம் கிடைக்காமல் இரண்டொரு நாளில் சோபாவுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ சுருண்டு செத்துக் கிடக்கும். இது மனதில் இருந்தால், ஐப்பசி பிறந்ததும் புதுச்சேரி மளிகைக் கடைகளில் நாம் கேட்டு வாங்கும் மருந்துப் பொடிகளில் பெரும்பாலானவை தேவைப்படாது. பார்க்க வேண்டியது பூச்சியை அல்ல, அது எங்கே ஊறிக் கிடந்தது என்பதைத்தான்.

அதன் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ரயில் பூச்சி என்று பிள்ளைகள் சொல்லும் இதற்கு, உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள் உண்டு. ஆயிரம் கால் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உண்மையாகவே ஆயிரத்தைத் தாண்டிய ஒரே இனம் 2021-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தின் ஆழத்தில் கண்டறியப்பட்டது, 1306 கால்கள். நம் வீட்டு விஷயத்துக்குக் கால்களைவிடத் தோல்தான் முக்கியம். பூச்சிகளின் மேல்தோலில் நீர் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் படலம் உண்டு. மரவட்டைக்கு அந்தக் காப்பு போதாது. மூச்சுத் துளைகளையும் பூச்சிகளைப் போல இறுக மூடிக்கொள்ள அதனால் முடியாது. ஓட்டின் வழியே நீர் கசியும் மண்பானை மாதிரி, வறண்ட காற்றில் அது நாள் முழுக்க ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பகலில் சருகுக்கடியிலும் கல்லுக்கடியிலும் கிடக்கும், இரவில் வெளியே வரும். அதே சமயம், ஊறிக் கிடக்கும் மண்ணிலும் அதனால் இருக்க முடியாது. அதிக ஈரமும் விரட்டும், கடும் வறட்சியும் விரட்டும். அடைமழையில் வரவேற்பறைக்கு வருவதும், கத்திரி வெயிலில் குளியலறை மூலைக்கு வருவதும் இதனால்தான்.

புதுவைக்கு இந்த இரண்டு நிலையும் பழக்கம். ஆடி, ஆவணி மாலைகளில் இடி மழை பெய்து மண்ணை எழுப்பிவிடும். அப்போது முட்டை பொரிந்து குஞ்சுகள் கிளம்பும். குஞ்சு பிறக்கும்போது மூன்று ஜோடிக் கால்தான். தோலுரிக்க உரிக்க வளையங்களும் கால்களும் கூடும். பிறகு அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை மண் காய்வதே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகர்ந்து போகாமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மரவட்டையைப் பற்றிப் பேசுவது அற்பம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வரும் வாரங்களில், மதில் ஓரம் ஒதுங்கிய சேறும் சருகும் அழுகத் தொடங்கும்போதுதான் இவை கூட்டமாகக் கிளம்பும். வீட்டுக்குள் வந்த சேற்றை வழித்துத் தெருவில் கொட்டிவிட்டு, மதிலுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இரண்டடிச் சந்தை அப்படியே விட்டுவிடுகிறோம். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

எல்லா மரவட்டையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல் நிறத்தில் விரல் நீளம் உருளும் ஒன்று தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவி, இன்று வெப்ப நாடுகளின் நகரத் தோட்டங்களில் எல்லாம் இருப்பது. தட்டையாக, முதுகின் இரு பக்கமும் விளிம்பு கட்டியதுபோல் உள்ளவை வேறொரு வகை. நம் பக்கத்து வீடுகளின் தொல்லைக்காரர் மூன்றாமவர்: கருத்த உடம்பில் முதுகு நெடுகச் சிவப்புக் கோடு ஓடும் மரவட்டை. 1775-லேயே டேனிஷ் இயற்கை அறிஞர் ஃபாப்ரீசியுஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்; இன்றைய அறிவியல் பெயர் ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். இது மண்ணோடு நிற்காது, கீற்றுக் கூரைக்கு ஏறிவிடும். மக்கிப்போன தென்னங்கீற்றும் பனையோலையும் அதற்கு உணவு, உறைவிடம் இரண்டும். இரவில் கூரையிலிருந்து பாயில் விழுந்து தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். 2005-ல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதை வீட்டுத் தொல்லை உயிரி என்று குறித்தது.

குப்பத்துக் குடிசைகளின் சங்கடமாக மட்டும் இதை நினைக்க வேண்டாம். இப்போது மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போடுவது பாண்டி விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் ஒரு அலங்காரம். கீற்று புதிதாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. இரண்டு மழை கண்டு கறுத்து, கையால் பிய்த்தால் உதிர்கிற நிலைக்கு வந்தபின் அது கூரை அல்ல, மரவட்டைக்கு வைத்த விருந்து. மேலே மருந்து அடித்துப் பயனில்லை, உள்ளடுக்குக்கு அது இறங்காது. விஷம் மட்டும் கீழே சாப்பிடுகிறவர் தட்டில் சொட்டும். பழைய கீற்றை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக வேய்வதே வழி. பழைய கீற்றின் மேலேயே புதுக் கீற்றைப் போர்த்துவது காசு மிச்சம்போலத் தோன்றும், ஆனால் உள்ளே மக்கும் அடுக்கு அப்படியே இருக்கும்.

மண்ணில் வாழும் மரவட்டைகளுக்கு வருவோம். பழைய புதுவை வீடு இதற்கு ஒரு நல்ல விடை வைத்திருந்தது. வைசியாள் வீதியிலோ ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவிலோ மிஞ்சியிருக்கும் தமிழ் வீடுகளைப் பாருங்கள். தெருவிலிருந்து தாழ்வாரத்துக்கு ஏற வேண்டும், தாழ்வாரத்திலிருந்து திண்ணை, அதன்பின் உயர்ந்த வாசற்படி தாண்டி உள்ளே. முற்றத்தில் விழும் மழை நிற்காமல் தூம்பு வழியே தெரு வாய்க்காலுக்குப் போகும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு வீடுகளிலும் தரைமட்டம் உயரம், மேல்கூரை உயரம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். கட்டியவர்கள் மரவட்டையை நினைத்துக் கட்டவில்லை. மழையை நினைத்துக் கட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து.

அந்த உயரத்தைத்தான் நாம் இழந்துவிட்டோம். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டுத் தரை இன்று சாலைக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ போய்விட்டது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் ஒரு மணி நேர மழைக்கே வாசலில் நீர் நிற்கிறது. முன்பு மரவட்டை நாலு படி ஏற வேண்டும், இப்போது நேராக நடந்து வரலாம். தனி ஆளாகச் சாலையைத் தாழ்த்த முடியாது. வாசலுக்குக் குறுக்கே அரையடி உயரத்துக்குச் செங்கல் வைத்து, வெளிப்பக்கம் வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டிக்கொள்ளலாம். சொரசொரப்பான சுவரில் மரவட்டை எளிதாக ஏறும். பளபளப்பான டைல்ஸில் கால் பிடிக்காமல் சறுக்கும், அதிலும் அழுக்கும் பாசியும் படியாமல் துடைத்து வைத்தால். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அந்தத் தடுப்பில் தடுக்கி விழாதபடி ஒரு கைப்பிடியும் வேண்டும். மரவட்டையை நிறுத்தி இடுப்பை உடைத்துக்கொள்வது லாபமான பேரம் அல்ல.

அடுத்தது சுவர். கடலோர ஊரில் ஓதம் ஏறாத சுவர் அபூர்வம். பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி, வெயில் பட்டதும் வெளியே விட்டுவிடும். அடிச்சுவர் உதிர்கிறது என்று அதன்மேல் சிமெண்ட் பூசினால் முதல் வருடம் அழகாக இருக்கும். பிறகு ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி, சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் இடையில் பொருக்கு விடும். அந்த இடுக்குதான் மரவட்டைக்கும் கரப்பானுக்கும் பகல்நேர விடுதி. பழைய வீடு வைத்திருப்பவர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், கூலி கூடுதலானாலும். புது வீட்டில் சிமெண்ட் பூச்சே இருக்கட்டும், விரிசல்களை மட்டும் புரட்டாசிக்குள் அடைத்துவிடுங்கள்.

இனி வீட்டைச் சுற்றியுள்ள இரண்டடி நிலம். என் கணக்கில் முழு வேலையில் பாதிக்கு மேல் இதுதான். சுவரை ஒட்டி என்னென்ன கிடக்கிறது என்று ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்: கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல், மணல் குவியல், தென்னை மட்டை, சவுக்குக் கட்டை, காலிச் சாக்கு, உடைந்த தொட்டி, வேப்பஞ்சருகு. இவை ஒவ்வொன்றின் அடியும் ஈரமாக இருக்கும். எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை, சுவரிலிருந்து தள்ளி, கல் மேல் தூக்கி வைத்தாலே போதும். பூந்தொட்டிகளும் அப்படித்தான். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டி நாள் கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். அதைத் தரையோடு ஒட்டி வாசற்படிப் பக்கத்தில் வைப்பது மரவட்டையை வாசலுக்கு அழைத்து உட்கார வைப்பதுதான். சுவரில் படர்ந்த காகிதப்பூவும் மல்லிகையும் அழகு, ஒப்புக்கொள்கிறேன். வேரடியில் உதிர்ந்த இலையையாவது வாரம் ஒருமுறை கூட்டுங்கள். சுவருக்கும் செடிக்கும் இடையில் ஒன்றரை அடி அகலத்துக்குச் சல்லிக்கல் கொட்டி வைத்தால் அந்தப் பட்டை சீக்கிரம் காயும். காய்ந்த கல்லைத் தாண்டி வர மரவட்டைக்கு மனம் வராது.

இதில் எல்லோரும் மறக்கும் ஒன்று ஏசி குழாய். வெளியே நீட்டிவிட்ட அந்த மெல்லிய குழாயிலிருந்து இரவெல்லாம் சொட்டும் நீர் சுவரடியில் ஒரே இடத்தில் விழுந்து, சித்திரை வெயிலிலும் அந்த மூலையைச் சதுப்பாக வைத்திருக்கும். ஒரு வாளியை வைத்து அந்த நீரைப் பிடியுங்கள், தரை துடைக்க ஆகும். நிரம்பி வழியும் மேல்தொட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுக் குழாய், கசியும் தோட்டக் குழாய் ஆகியவையும் இதே வகை. கோரிமேடு, லாஸ்பேட்டைப் பக்கத்துச் செம்மண் நிலத்திலும் சரி, கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்திலும் சரி, ஓயாமல் சொட்டும் இடம் ஓயாமல் ஈரமாகத்தான் இருக்கும்.

பிறகு நுழைவழிகள். கதவின் அடியில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது மரவட்டைக்கு ராஜபாட்டை. கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும், ஆகவே பட்டையைப் பொருத்தும்போது கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகையில் கதவே திறக்காது. குளியலறையில் நீர் வெளியேறும் ஓட்டை நேராகத் தோட்டத்தில் திறப்பதாக இருந்தால், பொடிக்கண் ஜாலி போடுங்கள். நானி ட்ராப் என்ற தரை வடிகால் வைத்த குளியலறையில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் நீரே தடுப்பு. யாரும் பயன்படுத்தாத அறையில் அது வற்றிவிடும், வாரம் ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். சமையலறைத் தொட்டியின் குழாய் சுவருக்குள் புகும் இடத்தைச் சுற்றி உள்ள வளைய இடைவெளியை எம்-சீல் வைத்து அடையுங்கள். பிளம்பர்கள் அதை அடைப்பதில்லை, ஏனென்று தெரியவில்லை.

இப்போது பொடிகள். உப்பு தூவினால் மரவட்டை சாகும் என்பது உண்மை, பாட்டிகள் சொன்னது பொய்யல்ல. ஆனால் கடலோரச் சுவருக்கு ஏற்கெனவே உப்புதான் எமன். நீங்கள் தூவும் உப்பு மழையில் கரைந்து செங்கல்லுக்குள் ஏறி, காயும்போது பூத்து, பூச்சை உதிர்த்துவிடும். சுட்ட சுண்ணாம்புப் பொடி அதைவிட மேல், ஒரு நல்ல மழை பெய்யும்வரை. கண்ணிலும் ஈரக் கையிலும் படக்கூடாது, கோலம் போடுகிற கையால் அள்ள வேண்டாம். மழைக்குப் பின் தெருவோரம் போடும் ப்ளீச்சிங் பவுடர் கிருமிக்கானது. அதைக் குளியலறையில் கொட்டி, மேலே ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இந்த ஒன்றை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். டயட்டோமைட் பொடி என்று இணையத்தில் விற்பது காய்ந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும், நம் மழைக்காலத்தில் அது சேறாகிவிடும்.

இன்னும் சிலர் கடையில் போய் கமாக்சின் பொடி கேட்கிறார்கள். பி.எச்.சி. எனப்படும் அந்த மருந்தை இந்தியா 1997-ல் தடை செய்தது; அதன் வீரியமான பகுதியான லிண்டேனுக்கும் 2013-லிருந்து பயன்பாட்டுத் தடை. பழைய டப்பா பரணில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். எறும்புச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லிதான், எழுதுகோல் அல்ல. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் கோடு போடுவது ஆபத்து. பூச்சிக்கொல்லி தெளிப்பவரை அழைத்தால், வீட்டுக்குள் அல்ல, வெளிச்சுவர் அடியிலும் கதவு விளிம்பிலும் மட்டும் தெளிக்கச் சொல்லுங்கள், மழை இல்லாத நாளில். பூனை வளர்ப்பவர்கள் பெர்மெத்ரின் உள்ள மருந்தை மறுத்துவிடுங்கள், பூனைக்கு அது கொடிய விஷம். இத்தனை செய்தும் சருகுக் குவியல் அப்படியே இருந்தால், மறுவாரம் அதே அளவு வரும். மருந்து பட்டதும் மரவட்டை உடனே விழாது. ஊர்ந்து உள்ளே வந்து, உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் சாகும்.

உள்ளே வந்துவிட்டதை என்ன செய்வது? துடைப்பமும் முறமும் போதும், வாரி எடுத்துத் தோட்டத்துக் குப்பைமேட்டில் போடுங்கள். மிதிக்காதீர்கள். பயந்தால் அது சுருளும், உடலின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து மஞ்சள் நிற நீரைக் கசியவிடும். உருளை மரவட்டைகளின் அந்த நீரில் பென்சோகுவினோன் என்ற வகை வேதிப்பொருள்கள் உண்டு. அயோடின்போல் நெடி அடிக்கும், வெள்ளைத் தரையில் கறை விடும், தோலில் பட்டால் பழுப்பாகிப் பிறகு கறுக்கும். தட்டை வகைகள் கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடு வெளியிடும். பெரியவர்களுக்குக் கெடுதி செய்யும் அளவு இல்லை, ஆனாலும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். கறை போக வாரங்கள் ஆகலாம். செருப்புக்குள் கிடந்ததை அறியாமல் மிதித்த குழந்தையின் கால்விரல் காலையில் கறுத்திருப்பதைக் கண்டு, ரத்தம் ஓடவில்லையோ, விரல் அழுகுகிறதோ என்று மருத்துவர்களே சந்தேகப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மழைக்காலத்தில் கால்விரல் கறுத்து வந்தால் டாக்டரிடம் மரவட்டையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். தேவையில்லாத பயம் மிச்சம். கண்ணில் பட்டால் கதை வேறு. சுத்தமான நீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஜிப்மரோ பக்கத்து மருத்துவமனையோ. ஷூவை உதறிப் போடும் பழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று மாதமாவது பழக்குங்கள்.

உதறும்போது பூரான் விழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். மரவட்டை தொட்டால் சுருளும், பூரான் தொட்டால் பாயும். பூரானுக்கு வளையத்துக்கு ஒரே ஒரு ஜோடிக் கால், தட்டையான உடல், முன்னால் விஷக் கொடுக்கு. அது இரை தேடி வருவது, கடிக்கும், நன்றாகவே வலிக்கும். ஈரச் சுவரடிக்கு இரண்டுமே வரும் என்பதால், மேலே சொன்ன வேலைகள் பூரானுக்கும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டில் நிலைமை என்ன என்று கேட்டால், நமக்கு வருவது கொஞ்சம்தான். போர்த்துகல்லிலிருந்து போன ஒரு கரிய மரவட்டை 1953 வாக்கில் தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் துறைமுக நகரில் தென்பட்டு, அங்கிருந்து மாநிலமெங்கும் பரவியது. முதல் இலையுதிர் கால மழைக்கு வீடுகளுக்குள் நூற்றுக்கணக்கில் நுழையும். அது வெளிச்சத்தை நோக்கி வருவது என்பதால் அங்கே இரவில் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்கிறார்கள். ஜப்பானில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைப்பகுதியில் பெருங்கூட்டமாகக் கிளம்பும் ஒரு இனம் தண்டவாளத்தில் நசுங்கி வழுக்கி, ரயிலையே நிறுத்தியிருக்கிறது. நம் பிள்ளைகள் வைத்த பெயர் அங்கே வேறு விதத்தில் பொருந்திவிட்டது.

தோட்டத்தில் இருப்பவற்றைக் கொல்ல வேண்டியதில்லை. 1826-ல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவின் மரத்தடிச் சருகை மண்ணாக மாற்றும் வேலையில் மரவட்டைக்கும் பங்கு உண்டு. வீட்டுச் செடிகளுக்கும் உரம் அப்படித்தான் வருகிறது. மக்கும் குப்பைக் குழியைத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி மாற்றிவிட்டால், அவை அங்கேயே இருந்துகொள்ளும்.

வேலைக்கான நேரம் புரட்டாசி. பருவமழைக்கு முன் சருகை வாரி, வாய்க்காலைத் தூர்வாரி, விரிசலை அடைத்து முடித்துவிட வேண்டும். கார்த்திகையில் குடையைப் பிடித்துக்கொண்டு செய்தால் ஈரத்தை ஈரத்தின்மேல் பூசுவதாகத்தான் முடியும். இவ்வளவையும் செய்து, மழை ஓய்ந்து, பங்குனி சித்திரையிலும் ஒரே அறையில், ஒரே சுவரோரம் மரவட்டை வந்துகொண்டிருந்தால் மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட வேண்டாம். பிளம்பரைக் கூப்பிடுங்கள். இரவு படுக்கப் போகும்முன் எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே எண் ஏறியிருந்தால், அந்தச் சுவருக்குள் எங்கோ குழாய் கசிகிறது. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயாக இருந்தால் மீட்டர் காட்டாது. மோட்டார் போடாமல் தொட்டியில் நீர்மட்டத்தைக் கரித்துண்டால் குறித்து வைத்து மறுநாள் சரிபார்க்க வேண்டும்.